கெல்மோர் கப்பலுக்கு யார் சாட்சி

ஒக்டோபர் 6, திங்கள்

பேத்தி கம்சாயினி பள்ளிக்கூடத்துக்கு ஒரு கப்பலின் சரித்திரம் எழுதுகிறாள். கெல்மோர். உலகச் சண்டைக் காலத்து வெள்ளைக்காரரின் ரோந்துக் கப்பல். எங்கள் திருகோணமலை டொக்யாட்டில் திருத்த வேலைக்கு நின்றது. பிறகு அதை நோர்வே வாங்கியதாம். என்னைப் பெற்ற ஐயா அந்தத் திருத்த வேலை செய்தவர்.

அதைக் கேட்க அவள் பக்கத்து ஊர் ரொம்மனுக்குப் போயிருக்கிறாள், என் தங்கச்சி யோகாம்பாளிடம். நான் இஞ்சை நோர்வேயில், ஸ்டோவ்னரில், பேத்தியின் அறைக்குப் பக்கத்து அறையில் இருக்கிறேன்.

ஒக்டோபர் 7

ஏன் என்னைக் கேட்கவில்லை என்று கேட்டேன். "சின்ன அம்மம்மாவுக்கு நொர்ஸ்க் பாஷை தெரியும், அம்மம்மா. சொல்லச் சொல்ல எழுதிடலாம்."

கப்பல் போனது நாற்பத்தைந்தில். யோகாம்பாள் பிறந்தது நாற்பத்தாறில். ஐயாவுக்குச் சோறு கொண்டுபோனது எட்டு வயது நான். அவளைத் தூக்கிவைத்திருக்க ஆள் வேண்டுமென்று என்னை மூன்றாம் வகுப்போடு நிறுத்தினார்கள். அவள் பத்து வரை படித்தாள். இடுப்பில் வைத்து நான் சொன்ன கதைதான் இப்போது அவளுடைய கதை.

ஒக்டோபர் 12, ஞாயிறு

யோகாம்பாள் வந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்து சொல்கிறாள்: "கப்பலைத் தண்ணியிலை இறக்கேக்கை ஐயாதான் தேங்காய் உடைச்சவர். கப்டன் கைகூப்பிக் கும்பிட்டவர்."

கப்டன் கும்பிட்டவராம். பிள்ளை அதையும் எழுதுகிறது.

"நீ அம்மான்ரை வயித்துக்கை இருந்து எட்டிப் பாத்தனியோ?" என்றேன்.

"அக்காவுக்கு இன்னும் எரியுது," என்று சிரித்தாள்.

ஓம். எரியுது.

ஒக்டோபர் 14

யோகாம்பாள் இரண்டு தரம் ரெலிபோன் எடுத்தாள். நான் தொடவில்லை.

ஒக்டோபர் 19

அந்தத் தேங்காய் அழுகல். அது அவளுக்குத் தெரியாது. கப்பல் நகரத் தொடங்கிவிட்டது, இன்னொன்று உடைக்க நேரமில்லை. ஐயா பாதியை உடுத்திருந்த சாரத்துக்குள் மறைத்துக்கொண்டு வந்து, டொக்யாட் வாசலில் சோற்றோடு நின்ற எனக்கு மட்டும் காட்டினார். "ஒருத்தருக்கும் சொல்லாதை பிள்ளை." நூற்றுச்சொச்சம் பேர் அதில் போனார்கள். அதன் பிறகு காணும் கப்பல்காரரிடமெல்லாம் கெல்மோரை விசாரித்தார். யாருக்கும் தெரியவில்லை.

இதைச் சொன்னால் நான்தான் சாட்சி என்று தெரிந்துவிடும். சொல்லவோ? ஐயா வேண்டாமென்றவர்.

ஒக்டோபர் 20

தேங்காயைச் சொல்லவில்லை. கப்பலுக்கு என்ன நடந்தது என்று மட்டும் கேட்டேன். கம்சாயினி வாசித்தாள். பர்மாக் கரையில் ரோந்து. ஒரு ஆளும் சாகாமல் திரும்பியது. ஐம்பத்தாறில் நோர்வே. வடக்குக் கடலில் மீன் வள்ளங்களுக்குக் காவல். அறுபத்தாறில் உடைத்தார்கள்.

ஐயா செத்தது அறுபத்தொன்றில். அப்போது அது இந்த நாட்டுக் கடலில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. இதை ஆருக்குச் சொல்ல? ஐயாவைத் தெரிந்த ஆள் உலகத்தில் ஒருத்திதான்.

ஒக்டோபர் 21

ரொம்மனுக்குப் போனேன். எல்லாம் சொன்னேன், அழுகலையும். யோகாம்பாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள்.

"கடைசிக் கிழமை என்னைத்தான் கேட்டவர், அக்கா. 'அது திரும்பினதோ' எண்டு. காய்ச்சலிலை பிதற்றுறார் எண்டு நினைச்சன். ஓம் ஐயா, திரும்பிட்டுது எண்டன். பிறகு கேக்கேல்லை. நித்திரையாப் போயிட்டார்."

நான் அப்போது கலியாணம் முடித்து மட்டக்களப்பில். அந்த ஓம் நான் சொல்லியிருக்க வேண்டியது. அவள் ஒன்றும் தெரியாமல் சொல்லியிருக்கிறாள், சரியாகவே சொல்லியிருக்கிறாள்.

அவள் தேத்தண்ணி போட்டாள். சீனி கூடிவிட்டது. குடித்தேன்.

ஒக்டோபர் 23

கட்டுரையின் அடியில் கதை சொன்னவரின் பெயர் போட வேண்டுமாம். இரண்டு பேருடையதையும் போடச் சொன்னேன். கப்டன் கும்பிட்டதை வெட்டச் சொன்னேன்.

என் பெயர் முதலாவது.