ராக்கோழியின் முக்காலி

என் ராக்கோழிக்கு,

சிரிக்கக் கூடாது. உன் தொலைநோக்கியின் முக்காலியைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக வைத்துவிட்டதாக நம்பியிருந்தேன். அது வேறொரு நட்சத்திரமாம். நான் எடுத்த படத்தில் நட்சத்திரங்களெல்லாம் புழுப்போல் நீண்டிருந்தன. அடுத்த வீட்டு வில்மா பார்த்துவிட்டு, “புருஷனையும் இப்படித்தான் ஆள் மாத்திப் புடிச்சியாடி?” என்றாள்.

நேற்று சரியானதைப் பிடித்துவிட்டேன். கேமராவையும் மாட்டி, எடைக்கல்லை நகர்த்தி, கையை விட்டாலும் தொலைநோக்கிக் குழாய் சாயாதபடி நிறுத்தினேன். வழிகாட்டும் குட்டிக் கேமரா ஒரு நட்சத்திரத்தைக் கவ்விக்கொண்டு விடவே இல்லை. நீ ஆஸ்பத்திரிக்குப் போனதால் பாதியில் விட்ட அந்தச் சுருள் விண்மீன் மண்டலம், முதல் படத்திலேயே பளிச்சென்று விழுந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் காட்டக் கொண்டுவருகிறேன். வியாழக்கிழமையைப் பற்றி வேறெதுவும் எழுதப்போவதில்லை.

மீதிப் படங்களை நீயே வந்து எடு. சந்தோஷத்தில் நான் ஓர் ஆட்டம் போட்டதில் கால் பட்டுவிட்டது. முக்காலி இப்போது குப்பைத் தொட்டியைப் பார்த்து நிற்கிறது.

உன் வீட்டுக்காரி