சோபாவுக்கடியில் எழுமலைக் கல்

அன்பு லாத்தா,

"மன்னிக்கணும் மாமி, எங்க வேலையில இது வழக்கம்தான்." இன்று இதை நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

பெண் பார்க்க வந்திருந்தார்கள். நான் படிப்பையெல்லாம் முடித்துவிட்டதாக அம்மா அவர்களிடம் சொல்லி, எழுமலையிலிருந்து நான் கொண்டுவந்த ஆராய்ச்சிக் கற்களை சோபாவுக்கடியில் ஒளித்திருந்தார். மாப்பிள்ளையின் அம்மா காலில் ஒன்று இடறியது. எடுத்து என் கையில் கொடுத்து, "என்னம்மா இது?" என்றார்.

ஈரம் பட்டால்தான் கல்லுக்குள் இருப்பது தெளிவாகத் தெரியும். கல் தேடி வெளியே போனால் நாங்கள் தண்ணீரை வீணாக்குவதில்லை, நாக்குதான். பழக்கத்தில் நக்கிவிட்டேன். "கார்னெட் இருக்கு மாமி, செவப்பு மணி" என்று வேறு சொன்னேன்.

அத்தா விசிறியைப் பார்த்தார். அம்மா அவசரமாக, "பிள்ளைக்கு ரத்தத்துல சத்து கம்மி, டாக்டர்ட்ட காட்டிக்கிட்டுதான் இருக்கோம்" என்றார்.

"எம்புட்டு நாளா இப்படி?"

"ஆராய்ச்சியில சேர்ந்ததுலருந்து மாமி. முடிக்க இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். இதற்கு முன் வந்த இரண்டு வீட்டாரும் ஆராய்ச்சி என்றதும் எழுந்து போனவர்கள்தானே. கல்லை மேசையில் வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். மாப்பிள்ளைக்கு இடது புருவத்துக்கு மேல் சின்னத் தழும்பு இருக்கிறது. மற்றபடி நான் சரியாகப் பார்க்கவில்லை.

அவர்கள் போனபின் மேசையில் கல் இல்லை.

மக்ரிப் தொழுகைக்குப் பிறகு அவர் அம்மா போன் செய்தார். "இவன் காருக்குள்ளயே நக்கிப் பாத்துட்டான். சிவப்பா என்னமோ தெரியுதாம். ரெண்டு வருஷம்னா ரெண்டு வருஷம் இருக்கட்டும்ங்கிறான்."

ஞாயிற்றுக்கிழமை கல்லைத் திருப்பிக் கொடுக்க வருகிறார்கள்.

உன் தங்கச்சி