பதினோராம் பக்கம்

மே 14, செவ்வாய்

இன்று ஒரு கடைப் பலகையை முழுதாக, வண்டியை நிறுத்தாமல் படித்துவிட்டேன். "மீன்பிடி புழு, ஐஸ், தோட்டா, கல்யாணக் கேக்." ஆறு வருஷமாக அந்த வழியே போகிறேன். அங்கே கேக் விற்பது எனக்கு இன்றுதான் தெரியும்!

தினமும் எழுதச் சொன்னது மிஸ் மேவிஸ். நாற்பது வருஷம் தபாலாபீசில் இருந்தவர். இப்போது செவ்வாய்தோறும் நூலகத்தின் கீழ்த்தளத்தில் எனக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார். "யாருக்கு எழுதறது?" என்று கேட்டேன். "உங்களுக்குத்தான், டெல்மர். வேற யாரும் காசு குடுத்தாலும் படிக்க மாட்டாங்க" என்றார்.

இதை எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. எழுபத்து மூன்று வயதில் எனக்கு என்ன அவசரம்?

மே 16, வியாழன்

முதியோர் மையத்தில் ட்ராவிஸ் மதியச் சாப்பாடு போட்டான். பொரித்த கோழி, பீன்ஸ், வாழைப்பழப் புட்டிங். முப்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். ட்ராவிஸ் பல், கண், காது இன்ஷூரன்ஸ் விற்கிற பையன். அரசாங்கக் காப்பீடு கழுத்துக்குக் கீழேதான் பார்க்கும், மேலே இருப்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பான். எல்லோரும் சிரிப்பார்கள்.

பிப்ரவரியிலிருந்து நான் அவனோடு சுற்றுகிறேன். இந்த மலைப் பள்ளத்தாக்குகளில் எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் காபி கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். கதவைத் தட்டுவது நான், பேசுவது அவன். பெட்ரோல் போடுகிறான். தொப்பி ஒன்று கொடுத்தான்.

கடைசியில் வழக்கம்போல என்னை எழுப்பி நிறுத்தி, "சிரிங்க சார்" என்றான். சிரித்தேன். பாலிசியில் வந்த பல்செட் என்று நம்பிப் பெண்கள் கை தட்டினார்கள். என் பற்கள் எல்லாம் என்னுடையவை, என் அம்மா கொடுத்தவை. அதை அவனும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மே 18, சனி

தீயணைப்பு நிலையக் கூடத்தில் ஏலம். என் நண்பன் ஆர்பிதான் கூவினான். இருபத்தாறு வருஷமாக அவன்தான். ஆர்பி வாயைத் திறந்தால் கூட்டத்தில் பாதிப் பேர் வேண்டாத பொருளை வாங்கிவிடுவார்கள். நானே குதிரை இல்லாமல் சேணம் வாங்கியிருக்கிறேன்.

ஆனால் மார்ச்சில் பல் எல்லாம் பிடுங்கியதிலிருந்து வார்த்தைகள் கூழாக வருகின்றன. இன்று இரண்டு பேர் ஒரே புல் வெட்டும் இயந்திரத்தைத் தாங்கள்தான் எடுத்தோம் என்று சண்டை போட்டார்கள். நிலையத் தலைவர் வெண்டல் அவனை ஓரமாகக் கூப்பிட்டு, "ஜூன் கடைசி வரை பார்ப்போம் ஆர்பி. அதுக்குள்ள பல்செட் வந்துடுமில்ல?" என்றார்.

"வந்துடும். டெல்மர் எல்லாம் படிச்சுப் பாத்துதான் பாலிசி வாங்கிக் குடுத்தான்" என்றான் ஆர்பி.

நான் தலையாட்டினேன்.

மே 21, செவ்வாய்

"கதைப் புத்தகம் போதும். வீட்டில் இருக்கிற ஏதாவது காகிதம் கொண்டு வாங்க" என்று போன வாரம் மிஸ் மேவிஸ் சொல்லியிருந்தார். ட்ராவிஸிடம் எடுத்த என் பாலிசிப் புத்தகத்தையே கொண்டுபோனேன். இந்தப் பாலிசியில் வந்த மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே அதைப் படித்தேன். நல்ல கண்ணாடி. பொய் சொல்லக் கூடாது.

முதல் பக்கம் முழுக்கப் படித்தேன். மிஸ் மேவிஸ் மேசையைத் தட்டி, "வக்கீல் மாதிரிப் படிக்கிறீங்க!" என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தேன்.

மே 24, வெள்ளி

காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தேன். பத்தரைக்குப் பதினோராம் பக்கம். ஒரு முழு வாக்கியத்தை யார் உதவியும் இல்லாமல், ஒரு சொல்லில்கூட நிற்காமல் படித்தேன். கையை உயர்த்திக் கத்தப் போனேன். அப்புறம்தான் அது என்ன சொல்கிறது என்று உறைத்தது.

பார்த்து எழுதுகிறேன்:

"இந்தப் பாலிசி தொடங்கும் நாளுக்கு முன்பே விழுந்த அல்லது பிடுங்கப்பட்ட பற்களுக்குப் பதிலாக வேறு பல் வைக்க எந்தத் தொகையும் வழங்கப்படாது."

ஆர்பியின் பல் மார்ச் ஒன்பதாம் தேதி போயிற்று. அவனுக்கும் இதே பாலிசிதான், தொடங்கியது ஏப்ரல் ஒன்றாம் தேதி.

நான்தான் தப்பாகப் படித்திருக்க வேண்டும். புதிதாகப் படிக்கிறவன் தானே.

மே 25, சனி

எட்டு முறை படித்தேன். ஏலத்துக்குப் போகவில்லை.

மே 26, ஞாயிறு

தேவாலயத்துக்கும் போகவில்லை. எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் நாளைக்கு எனக்கே வேறு மாதிரி சொல்லிக்கொள்வேன்.

பிப்ரவரி கடைசி. ஆர்பியின் சமையலறை. ட்ராவிஸ் வேறு வீட்டுக்குப் போயிருந்தான். ஆர்பிக்குக் கண் மங்கல், சின்ன எழுத்து தெரியாது. பாலிசிப் புத்தகத்தை என் பக்கம் தள்ளி, "நீ படிச்சுப் பாருடா" என்றான். எனக்குப் படிக்கத் தெரியாது என்று அவனுக்குத் தெரியாது. டேட்டன் நகரத்துத் தொழிற்சாலையில் நாற்பத்தொரு வருஷம் இருந்து திரும்பி வந்தவன் நான். அங்கே எனக்கு எல்லாவற்றையும் படித்துச் சொன்னது என் மனைவி லொரேன். அவள் போன பிறகுதான் ஊருக்கு வந்தேன். இங்கே யாருக்கும் தெரியாது.

அப்போது மிஸ் மேவிஸிடம் சேர்ந்து நான்கு மாதம்தான். பூனை, பானை அளவுக்குத்தான் படிப்பேன். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. விரலை எச்சில் தொட்டுப் பக்கம் பக்கமாகத் திருப்பினேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் மனதுக்குள் இருபது வரை எண்ணினேன். பதினோராம் பக்கத்துக்கும் இருபது.

அப்புறம் அவன் கேட்டான்: "பல்லப் புடுங்கிட்டு பாலிசி எடுக்கறதா, எடுத்துட்டுப் புடுங்கறதா?"

ட்ராவிஸ் இதைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. ஆனால் படித்தவன் ஒருவனிடம் கேள்வி கேட்டால் அவனிடம் பதில் இருக்க வேண்டுமே. "முதல்ல புடுங்கிடு. மார்ச்சுல பல் டாக்டருங்க சந்தை மைதானத்துல கூடாரம் போடறாங்க, இனாம். வாய் சுத்தமா இருந்தா பல்செட் சீக்கிரம் குடுப்பாங்க" என்றேன்.

யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானே உண்டாக்கின பதில்.

பத்தொன்பது பல் இருந்தது அவனுக்கு. ஒன்பதுதான் கெட்டது. கூடாரத்து டாக்டர் மற்றதை விடலாம் என்றாராம். இவன்தான், "இல்ல, மொத்தமா எடுங்க, பல்செட் வருது" என்றிருக்கிறான்.

அன்று நான்தான் வண்டியில் அழைத்துப்போனேன். திரும்பும்போது பஞ்சைக் கடித்துக்கொண்டு கட்டை விரலை உயர்த்திக் காட்டினான்.

மே 28, செவ்வாய்

மிஸ் மேவிஸிடம் அந்த வாக்கியத்தைக் காட்டி, "நான் சரியாப் படிச்சேனா?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். தப்பு என்று சொல்லிவிட மாட்டாரா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரொம்பச் சரி டெல்மர். ஒரு எழுத்துகூடத் தப்பில்ல" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, "யாரோட பல்லு?" என்று மட்டும் கேட்டார்.

சொல்லவில்லை.

மே 30, வியாழன்

ட்ராவிஸுக்குப் போன் செய்தேன். கோபமே படவில்லை அவன். "சார், பதினோராம் பக்கத்துல தெளிவா போட்டிருக்கே. கையெழுத்துக்கு முன்னாடி படிச்சுப் பார்க்கச் சொல்லித்தானே புத்தகமே குடுக்கறோம்? நீங்களே உக்காந்து படிச்சதா ஆர்பி என்கிட்ட சொன்னாரே."

"ஆமாம்" என்றேன்.

"அப்புறம் என்ன சார்?"

அவனைத் திட்டலாம் என்று மூன்று நாளாக வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். எதற்கும் உதவவில்லை.

ஜூன் 4, செவ்வாய்

ஆர்பியிடம் நாளைக்குச் சொல்கிறேன்.

ஜூன் 7, வெள்ளி

சொல்லவில்லை. மூன்றாம் பக்கத்தில் வேறொன்று கண்டுபிடித்தேன் — வாங்கி முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். ஆர்பிக்கு அது எப்போதோ முடிந்துவிட்டது. மே மாதச் சாப்பாட்டில் பாலிசி எடுத்த நாலு வீட்டுக்கு இன்னும் கெடு முடியவில்லை. அந்த நாலு வீட்டுக்கும் நான்தான் வழி காட்டினேன்.

ஜூன் 9, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

ஆர்பி கொட்டகையில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். அவன் பேச்சு இப்போது ஈறுக்குள் குழைந்துதான் வருகிறது. நான் இங்கே திருத்தி எழுதுகிறேன்.

"பல்செட் வராதுடா ஆர்பி. எப்பவுமே வராது. புடுங்கினது பாலிசிக்கு முன்னாடி" என்றேன்.

"நீதானடா முதல்ல புடுங்கச் சொன்ன?"

"ஆமா."

"படிச்சுட்டுத்தானே சொன்ன?"

"எனக்கு அப்பப் படிக்கத் தெரியாது."

கத்தியைக் கீழே வைத்தான். நல்ல வேளை என்று நினைத்தேன், வெட்கத்திலும் அப்படி ஒரு நினைப்பு வருகிறது பாருங்கள். "என் வீட்டு மேசைல உக்காந்து பக்கம் திருப்பினியே, எதடா பாத்த?" என்றான்.

"எதையும் பாக்கல. இருபது எண்ணிட்டுத் திருப்பினேன்."

"இருபதா?"

"இருபது."

"இருபது எண்ணறதுக்குள்ள நான் ஒரு பசு மாட்டையே வித்துருவேன்" என்றான். சிரிக்கிறானா என்று பார்த்தேன். இல்லை. "தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பக்கத்து ரூம்ல என் தங்கச்சி மக இருந்தா. கூப்புட்டுப் படிக்கச் சொல்லியிருப்பேன். அவ்வளவுதான்டா."

அவ்வளவுதான். ஒரே ஒரு வார்த்தை.

"இங்க நிக்காத, போ" என்றான்.

என் பல்லைப் பற்றியும் சொல்லியிருக்க வேண்டும், இது என் சொந்தப் பல் என்று. அதையும் சொல்லாமலே வந்துவிட்டேன். வழியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு மறுபடி போனேன். கொட்டகை சாத்தியிருந்தது. கதவுக்கு வெளியே நின்று சொன்னேன். உள்ளே கத்தி தீட்டுகிற சத்தம் ஒரு நிமிஷம் நின்றது. மறுபடி ஆரம்பித்தது.

ஜூன் 12, புதன்

நாலு வீட்டுக்கும் போனேன். மூன்றாம் பக்கம், பதினோராம் பக்கம் — இரண்டையும் கதவு திறந்த வீட்டிலெல்லாம் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். இரண்டு வீட்டில் திருப்பிக் கொடுக்கிறோம் என்றார்கள். ஒரு வீட்டில் கதவையே திறக்கவில்லை.

நாலாவது க்ளீட்டா அக்கா. அவருக்குக் காது மந்தம். வாசலில் நின்று சொன்னேன்.

"என்னது?"

"எனக்குப் படிக்கத் தெரியாம இருந்துச்சு, அக்கா!"

"யாருக்குப் பிடிக்காம இருந்துச்சு?"

"எனக்கு! படிக்க! தெரியாது! தெரிஞ்ச மாதிரி நடிச்சேன்!"

தபால்காரர் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. இனி இந்தப் பள்ளத்தாக்கில் யாருக்கும் நான் தனியாகப் போய்ச் சொல்ல வேண்டியதில்லை.

படித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "காது மிஷினுக்கு என்ன போட்டிருக்கான்?" என்றார். ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும் என்று கத்தினேன். "அவ்வளவுதானே? என் புருஷன் பேசறதைக் கேக்க எனக்கென்ன அவசரம்? வெச்சுக்கறேன்" என்றார். காபி கொடுத்தார். குடிக்கும்போது, "இப்ப நல்லாத்தான்டா படிக்கிற" என்றார்.

சந்தோஷப்பட்டேன். இப்படி ஒரு நாளில்கூடச் சந்தோஷப்படுகிறேனே — என்ன மனுஷன் நான்?

தொப்பியை ட்ராவிஸுக்குத் தபாலில் அனுப்பினேன். முகவரியை நானே எழுதினேன்.

ஜூன் 29, சனி

ஆர்பி இன்று கடைசியாகக் கூவினான். நான் பின்னால், லாரி டயர்களுக்குப் பக்கத்தில் நின்றேன். ஒரு பழைய தையல் இயந்திரத்துக்கு என்ன விலை போகிறது என்று யாருக்கும் புரியவில்லை. "மறுபடி சொல்லு ஆர்பி!" என்று முன்வரிசையில் ஒருத்தி. மறுபடி சொன்னான். "மறுபடி!" அவன் மூன்றாம் முறை சொல்லவில்லை. சுத்தியலை வெண்டல் கையில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினான்.

அடுத்த வாரத்திலிருந்து பக்கத்து மாவட்டக்காரன் ஒருவன் வருகிறான். நல்ல பல்லாம்.

ஜூலை 2, செவ்வாய்

வகுப்புக்குப் போனேன். போகக் கூடாது என்றுதான் இருந்தேன். மிஸ் மேவிஸ் எல்லாம் கேள்விப்பட்டிருந்தார். ஒன்றும் கேட்காமல் புத்தகத்தைத் திறந்து, "விட்ட இடத்திலிருந்து" என்றார்.

ஜூலை 11, வியாழன்

ஆர்பி வந்தான். ஒரு மாதமாகப் பேச்சில்லை. நான் தக்காளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். வண்டியை விட்டு இறங்காமல் ஒரு கடிதத்தை நீட்டினான்.

லெக்சிங்டனில் பல் வைத்தியக் கல்லூரி. மாணவர்கள் கற்றுக்கொள்வதற்காகக் குறைந்த செலவில் பல்செட் செய்கிறார்கள். அவன் தங்கை மகள் எழுதிப் போட்டிருக்கிறாள்.

"செலவை நான் குடுக்கறேன்டா" என்றேன்.

"உன் காசு எனக்கு வேணாம். பெரிய ரோட்டுல எனக்குக் கண்ணு தெரியாது. ஏழு தடவ வரச் சொல்லியிருக்கான். நீ ஓட்டற."

"சரி."

"வழியில பேசாத."

"சரி."

ஆகஸ்ட் 6, செவ்வாய்

முதல் தடவை. இரண்டரை மணி நேரப் பயணம். நான் பேசவில்லை. ரோட்டுப் பலகைகளை மனதுக்குள்ளேயே படித்துக்கொண்டு வந்தேன்.

கல்லூரியில் ஒரு பெண் அட்டையில் செருகிய நாலு தாளைக் கொடுத்தாள். ஆர்பி அதை வாங்கவேயில்லை. என்னைக் காட்டினான்.

"படி" என்றான்.

"எல்லாத்தையுமா?"

"பின்பக்கமும் சேத்து. சத்தமா."

காத்திருக்கும் அறையில் பதினைந்து பேராவது இருந்திருப்பார்கள். படித்தேன். எதிரே இருந்தவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டார். ஒரு குழந்தை என் பக்கத்தில் வந்து நின்று, வரியின் மேல் நகரும் என் விரலைப் பார்த்தது. இரண்டு இடத்தில் சொல் தெரியவில்லை. "இது எனக்குத் தெரியலடா" என்று சொன்னேன், இரண்டு தடவையும். ஆர்பி அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டான். நடுவில் அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். "இருங்க, இவன் இன்னும் முடிக்கல" என்றான்.

கடைசித் தாளில், கூட வந்திருப்பவர் யார் என்று ஒரு கட்டம். பெயர் எழுதினேன். அடுத்தது: நோயாளிக்கு இவர் என்ன முறை? அங்கே பேனா நின்றுவிட்டது.

"என்ன எழுதட்டும்?" என்று கேட்டேன்.

ஆர்பி சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தான். உள்ளேயிருந்து மறுபடி அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்துகொண்டே, "பக்கத்து வீட்டுக்காரன்னு போடு" என்றான்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு மலையும் எட்டு மைல் சாலையும் இருக்கின்றன. அவன் சொன்னபடியே எழுதிக் கொடுத்தேன்.