முனியாண்டி கொடுத்த துண்டு

சேசு மரி சூசை

உலு திராம்,
ஆகஸ்டு மாதம், 1937

அன்புள்ள மகன் மரியநாதனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகமாயிருக்கிறோம், அந்தக் குளிர் ஊரில் நீயும் சுகமாயிருக்க ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும். உன் அப்பாதான் தேவைக்கு மேல் சுகமாயிருக்கிறார். உனக்கு டாக்டர் பட்டம் கிடைத்துவிட்டதென்று தந்தி வந்த நாளிலிருந்து தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெசர் வேலைக்குக் கஞ்சி போட்ட கோட்டு மாட்டிக்கொண்டு போகிறார். நீ அனுப்பிய புத்தகம் போன வாரம் வந்தது. அதற்குப் பிறகு அவரோடு ஒரே வீட்டில் குடியிருப்பது கஷ்டமாகிவிட்டது. ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி மூர்த்தியைக் கூப்பிட்டு முதல் பக்கத்தைப் படித்து அர்த்தம் சொல்லச் சொன்னார். பூலாய் மலைக் கல்லைத் தேடி எடுத்து அனுப்பிய என் தகப்பனார் தோமஸ் அவர்களின் விடாமுயற்சிக்கு நன்றி என்று நீ எழுதியிருக்கிறாயாம். அந்தப் பக்கத்தில் ஒரு கோழி இறகை வைத்து, காய்ச்சலோடு வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டுகிறார். அதைப் பார்த்து இரண்டு வார்த்தை புகழ்ந்த பிறகுதான் மருந்து கிடைக்கிறது.

அவருடைய விடாமுயற்சி என்ன என்பதை உனக்குச் சொல்லவேண்டிய காலம் வந்துவிட்டது. இத்தனை நாள் நான் சொல்லாததற்குக் காரணம் உண்டு, சொல்லியிருந்தால் அந்தக் கல்லை அறுத்துச் சோதிக்க உனக்குக் கை வந்திருக்காது.

நீ ஆராய்ச்சிக்காக இங்கே வந்து பூலாய் மலையை ஏறி இறங்கிவிட்டு, திரும்பிப் போகும்போது பாரம் அதிகமென்று ஒரு பெட்டி நிறையக் கல்லை வீட்டில் விட்டுப் போனாய் அல்லவா. அந்த வருஷ மழையில் நம் வீட்டு வாசற்படி சேறாகிவிட்டது. உன் அப்பா உன் கல்லையெல்லாம் எடுத்துப் படிக்குக் கீழே பரப்பினார். சீமைக்குப் போகாத கல் வீட்டுக்காவது உதவட்டும் என்றார். எதிர்க்க எனக்கும் தோன்றவில்லை, பார்க்க வெறும் கல்லாகத்தான் இருந்தது. மறு வருஷம் உன் கடிதம் வந்தது. பரீட்சைக்காரர்கள் உன் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், கறுப்புப் பாறை முதலில் வந்தது, செம்பாறை அதற்குப் பின்னால் பூமிக்குள்ளிருந்து கொதித்துக்கொண்டு வந்து அதைப் பிளந்தது என்று எழுதியிருக்கிறாயே, இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கிற கல் எங்கே என்று கேட்கிறார்கள், ஒரு வருஷம் தவணை, பெட்டியில் பாதி கறுப்பும் பாதி சிவப்புமாக ஒரு கல் இருக்கிறது, அதை அனுப்பாவிட்டால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு சிங்கப்பூரில் கிராணி வேலைக்கு வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். கடைசி வரியில் மை கலைந்திருந்தது. அங்கே மழை என்று உன் அப்பா சொன்னார். நான் காகிதத்தை மடித்து அந்தோணியார் சுரூபத்துக்குக் கீழே வைத்தேன்.

நீ அந்தப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டது எனக்கு நினைவுக்கு வந்தது. நம் மாதா கோயில் சுவாமியார் கொடுத்த நற்சான்றில், பையன் ஞானோபதேசத்தில் முதல், பூசைக்குத் தவறியதில்லை என்று எழுதியிருந்தார். பாறை படிக்க அது எதற்கு என்று நீயே சிரித்தாய். ஆனாலும் இடம் கொடுத்தார்கள், அங்கே பூசைக்குப் போகிற ஆள் குறைவோ என்னவோ. அப்படிக் கிடைத்ததை ஒரு கல்லுக்காக விடுவதா என்று நானும் உன் அப்பாவும் வாசற்படியைத் தோண்டினோம். நண்டு இருந்தது, பூரான் இருந்தது, மற்ற கல்லெல்லாம் இருந்தது. பாதி கறுப்பு பாதி சிவப்பை மட்டும் காணோம். அப்போதுதான் உன் அப்பா மெல்ல வாயைத் திறந்தார். அய்யாவு கங்காணி தன் பெண்சாதி ராஜம்மாவின் காய்ச்சலுக்கு மருந்து கேட்டு வந்தபோது, இது என்ன ரெண்டு நிறத்தில ஒரே கல்லு, சாதாரணக் கல்லா தெரியலியே என்றாராம். வேணும்னா எடுத்துக்குங்க என்று உன் அப்பா கொடுத்துவிட்டாராம். கல்லைக் கொண்டுபோன அதே வாரத்தில் ராஜம்மாவுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. அய்யாவு அந்தக் கல்லை கூலியாட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் ஆற்றோரத்தில் நட்டு, குங்குமம் பூசி, சூலம் வைத்து முனியாண்டியாக்கிவிட்டார். காய்ச்சலை விரட்டியது என் கொயினா மருந்து, பேர் வாங்கினது உன் பிள்ளையோட கல்லு என்று உன் அப்பாவுக்கு இன்றுவரை அதில் வருத்தம்.

உன் படிப்பு முனியாண்டி கோயிலில் மாட்டிக்கொண்டது என்று புரிந்ததும் உன் அப்பா கட்டிலில் படுத்துவிட்டார். நான் போய்க் கேட்டேன். அய்யாவு மரியாதையாகத்தான் பேசினார். டிரெசரம்மா, உங்க புள்ள நல்லா வரணும்னுதான் நாங்களும் நெனைக்கிறோம், ஆனா சாமிய எப்படிக் கப்பல்ல ஏத்தி அனுப்புறது, அங்க போய் அறுக்கவும் போறாங்கன்னு சொல்றீங்க என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. நம் அந்தோணியார் சுரூபத்தை யாராவது அறுத்துப் பார்க்கவேண்டுமென்று கேட்டால் நான் துடைப்பத்தை எடுத்திருப்பேன். அதையே அவரிடம் சொன்னேன், சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டேன். எனக்குப் போக வேறு இடமில்லை. ராஜம்மாதான், சாமியையே கேட்டுப்புடலாம், பூக்கட்டிப் பாப்போம் என்றாள். வெள்ளைப் பூ வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் சம்மதமில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாள் குறித்தார்கள். உன் அப்பாவையும் இழுத்துக்கொண்டு போனேன். சுவாமியார் காதில் விழுந்தால் என்ன ஆவது என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

ராஜம்மா இரண்டு பூவையும் இலையில் தனித்தனியாக மடித்து முனியாண்டி முன்னால் உருட்டினாள். நான் பின்னால் நின்று, முனியாண்டி சரியென்று சொல்லவேண்டுமென்று அந்தோணியாரிடம் வேண்டிக்கொண்டேன். இது எந்த ஞானோபதேசத்தில் சேர்த்தி என்று எனக்குத் தெரியாது. ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள், சிவப்பு.  நீ சிங்கப்பூரில் எவனுடைய கணக்கையோ எழுதிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் கண்ணுக்குத் தெரிந்தது. உன் அப்பா பெருமூச்சு விட்டார், அது துக்கமா நிம்மதியா என்று நான் இன்னும் கேட்கவில்லை. அய்யாவு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். ராஜம்மா விடவில்லை. நீங்க கேட்டதே சரியில்லங்க, கோயில விட்டுட்டு வர்றியான்னு கேட்டா எந்தச் சாமி வரும், ஒரு துண்டு குடுப்பியான்னு கேளுங்க என்றாள். அய்யாவு கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். பிறகு அப்படியே கேட்டார். வெள்ளை வந்தது.

வந்ததும் வேறொரு பிரச்சினை. யார் அடிப்பது. அய்யாவு சுத்தியலைக் கையில் வாங்கினார், சாமியைக் கும்பிட்டார், எனக்கு வராதுங்க டிரெசரம்மா என்று கீழே வைத்துவிட்டார். நான் திரும்பிப் பார்த்தால் உன் தகப்பனார் தோமஸ் அவர்கள் ரம்புத்தான் மரத்துக்குப் பின்னால் நின்று சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறார். அதுதான் நீ புத்தகத்தில் போட்ட விடாமுயற்சி. நானே சுத்தியலை எடுத்தேன். முனியாண்டி, நான் உன் ஆள் இல்ல, கோவம் வந்தா அந்தோணியார்கிட்ட பேசிக்க என்று சத்தமாகவே சொல்லிவிட்டு அடித்தேன். முதலில் தீப்பொறிதான் பறந்தது. கறுப்புப் பக்கம் மட்டும் உடைந்தாலும் வீண், சிவப்புப் பக்கம் மட்டும் உடைந்தாலும் வீண். இரண்டும் சேர்ந்த கோட்டுக்குக் குறுக்கே வைத்துப் பலங்கொண்ட மட்டும் போட்டேன். தேங்காய் மூடி அளவு ஒரு சில்லு கழன்றது. எடுத்துத் திருப்பினேன், பாதி கறுப்பு, பாதி சிவப்பு, நடுவில் கோடு. ராஜம்மா உடனே மஞ்சளைக் குழைத்து, அடிபட்ட பிள்ளைக்குப் பத்துப் போடுவதுபோல முனியாண்டியின் தோளில் அப்பினாள். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளும் அழுதாள். உன் அப்பா கயிறு கட்டி முடித்து வந்து, உடைஞ்சிடுச்சா என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். சுவாமியார் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, கல் நன்றாக உடைந்ததா என்று கேட்டார். உடைந்தது சுவாமி என்றேன். ஒரு செபமாலை சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். இன்னொன்று. அந்தக் கல்லின் ஓரத்தில் சிவப்பாக ஒரு கறை இருந்ததாகவும், உன் பேராசிரியர் அதைக் கண்ணாடி வைத்துப் பார்த்து இரும்புத் துரு என்று சொன்னதாகவும் எழுதியிருந்தாய். நான் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அது முனியாண்டிக்குப் பூசிய குங்குமம். அவரிடம் இப்போது சொல்லவேண்டாம், பட்டம் கொடுத்தாயிற்று, பெரிய மனிதர், மனம் நோகும்.

உன் போன கடிதத்தில் அங்கே மியூசியத்தில் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், இரண்டு மூன்று வருஷம் இருந்து பார்க்கலாமென்று இருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். உன் அப்பா பெருமையில் அதையும் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். வேலை நல்ல வேலைதான். வேண்டாமென்று நான் எப்படிச் சொல்வேன், பாறை படிக்கத்தானே அனுப்பினோம். ஆனால் அறுத்ததுபோக அந்தத் துண்டில் மீதி இருக்கும் அல்லவா, அது முனியாண்டியுடையது. திருப்பித் தருவதாக வாக்குக் கொடுத்துத்தான் வாங்கி வந்தேன். அய்யாவு வெள்ளிக்கிழமைதோறும் விசாரிக்கிறார். தபாலில் அனுப்பக்கூடாது, யார் படிப்புக்காக எடுத்தோமோ அவனே நேரில் வந்து தன் கையால் வைக்கவேண்டும் என்பது நிபந்தனை.

மூன்று வேளையும் சூடாகச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. டாக்டர் ஆகிவிட்டோமென்று கடிதத்தைச் சுருக்காதே. அடுத்த புத்தகம் எழுதினால் ராஜம்மா பெயரைப் போடு, என் பெயர் வேண்டாம், சுவாமியாருக்கு இங்கிலீஷ் படிக்க வரும், பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை அவர் அச்சிலும் பார்க்கவேண்டாம். மாதாவும் அந்தோணியாரும் உன்னைக் காக்கட்டும், கேட்டால் முனியாண்டியும் காப்பார், அவருக்கு உன்னைத் தெரியும்.

நேரில் வரவேண்டுமென்ற நிபந்தனையை அய்யாவு போடவில்லை மகனே, சாமியும் கேட்கவில்லை. அதை நான்தான் சேர்த்துச் சொன்னேன்.

இப்படிக்கு, வழி பார்த்திருக்கும் உன் அம்மா
கெர்ட்ரூட்