பெயரில்லாத பட்டன்கள்

ஞாயிறு மதியம்

அன்புள்ள சில்வண்டுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான், உன் அத்தான், அம்மா மூவரும் நலம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்குகிறாய் என்று நம்புவதாக நடித்துக்கொண்டு தொடங்குகிறேன்.

அம்மாவின் முட்டியில் போட்ட தையல் ஆறிவிட்டது. டாக்டர் நடக்கச் சொன்னால்தான் வலிக்கிறதாம். எதிர்வீட்டில் சண்டைச் சத்தம் கேட்டால் பால்கனி வரை யார் துணையும் இல்லாமல் போய்விடுகிறாள். போன வாரம் அவள் போன் தானாகவே அப்டேட் ஆகி, பச்சைப் பட்டன் இருந்த இடத்தில் சிவப்புப் பட்டன் வந்து உட்கார்ந்துகொண்டது. யார் கூப்பிட்டாலும் கட் பண்ணிவிட்டு, "பெத்த பொண்ணுகூட ஒரு போன் போடறதில்ல" என்று புலம்புகிறாள். நீ கூப்பிட்டபோது கட் ஆனது அதனால்தான். கோபித்துக்கொள்ளாதே.

அப்டேட் என்றதும் சொல்ல வந்த விஷயத்துக்கு வந்துவிட்டேன். உங்கள் கம்பெனியின் புது ஆபரேட்டிங் சிஸ்டம் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரப்போகிறது. அறிவிப்பு வந்த நாளிலிருந்து கேன்டீனில் வேறு பேச்சே இல்லை. எக்ஸ்ரே எடுப்பவர்தான் ரொம்ப ஆவலாக இருந்தார். "இப்ப இருக்கிற சிஸ்டத்துல படம் திறக்கிறதுக்குள்ள உடைஞ்ச எலும்பே ஒட்டிக்குது" என்பது அவர் குறை. தலைமை நர்ஸுக்கு எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும். மருந்துக் கவுண்டர்காரர் மட்டும் முறைத்துக்கொண்டே இருந்தார். "நல்லா ஓடுறதுல எதுக்குய்யா கை வைக்கிறீங்க? என் பிரிண்டரோட ஒத்துப்போகலைன்னா ரெண்டையும் ஜன்னல் வழியா வீசிடுவேன்" என்றார். கணக்குப் பிரிவு அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சீட்டு விளையாட்டு அதில் இருக்குமா என்று மட்டும் கேட்டார்.

எல்லாரையும் விட ஆட்டம் போட்டது நான்தான். "என் தங்கச்சி வேலை பார்க்கிற கம்பெனி. வெளியில விடறதுக்கு முன்னாடி சோதிச்சுப் பார்க்கிறதே அவ டீம்தான்" என்று கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் சொன்னேன்.

சோதனைக்கென்று முதலில் வரவேற்புப் பகுதியில் போட்டார்கள். என் வேலை உனக்குத் தெரியும். ஒரு காதில் போனில் கூப்பிடும் நோயாளி, இன்னொரு காதில் திரையில் இருப்பதை எனக்குப் படித்துச் சொல்லும் மூக்கன். அந்தக் கம்ப்யூட்டர்க் குரலுக்கு வருஷம் முழுவதும் ஜலதோஷம் என்பதால் வைத்த பெயர். மூக்கன் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்து டாக்டரைப் பார்க்க நேரம் ஒதுக்குவேன். பார்வை இல்லாமலே இந்த நாற்காலியில் நான் தேய்த்த வருஷங்களுக்கு நாற்காலிதான் ஓய்வு கேட்க வேண்டும்.

புது சிஸ்டத்தில் மூக்கன் நோயாளியின் பெயரை வாசித்தான். வயதை வாசித்தான். கடைசி வரிசைக்கு வந்ததும், "பட்டன். பட்டன். பட்டன். பட்டன்." அவ்வளவுதான். எழுத்தை எடுத்துவிட்டுப் படம் போட்டிருக்கிறார்கள். அந்தப் படம் என்னவென்று மூக்கனுக்கு யாரும் எழுதி வைக்கவில்லை. கண் இருப்பவர்களுக்கு அது அழகாம். எனக்கு அது கதவு எண் இல்லாத தெரு.

சரி, வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளலாம் என்று பார்த்தேன். மதியத்துக்கு மேல் வரிசையே மாறிவிட்டது. அடிக்கடி அழுத்துவதை அதுவாகவே முன்னால் கொண்டுவந்து வைக்குமாம், என்ன கரிசனம்! சேமிக்கிறேன் என்று நினைத்து நான் அழுத்தியது ரத்து.

மறுநாள் காலை ஒரு பெண் தன் அப்பாவை அழைத்துக்கொண்டு வந்து நின்றாள். ஸ்கேன் எடுக்க வேண்டும். வெறும் வயிற்றோடு, முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார்கள். அவர் பெயர் எங்கேயும் இல்லை. அவள் சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "நேத்து இதே குரல்தாங்க வாங்கன்னு சொல்லுச்சு" என்றாள். ஆட்களுக்கு நடுவில் எப்படியோ அந்தப் பெரியவரை நுழைத்து, ஸ்கேன் எடுக்க வைத்து அனுப்பினோம்.

அதற்கடுத்த நாள் நிர்வாகி கூப்பிட்டார். குரலில் தேன் ஒழுகியது. "உங்க மேல தப்பே சொல்லல. புது சிஸ்டம் முழுசா வந்ததும் நீங்க வாசல்ல உட்கார்ந்து வர்றவங்களுக்கு வணக்கம் சொன்னா போதும். அதே சம்பளம். டென்ஷனே கிடையாது" என்றார்.

"சார், எனக்கு டென்ஷன் வேணும்" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

உங்கள் கம்பெனிக்குப் புகார் அனுப்பலாம் என்று போனால், நான் மனிதப் பிறவிதானா என்று நிரூபிக்க சிக்னல் விளக்கு இருக்கும் படங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. அத்தானை உட்கார வைத்தேன். தினமும் பஸ் ஓட்டுகிற மனுஷன், சிக்னலைத் தப்பாகக் காட்டி, மனிதர் இல்லை என்று முடிவாகிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் வந்துதான் புகார் போனது. வந்த பதிலில், இது மிகச் சிறு எண்ணிக்கையிலான பயனர்களையே பாதிக்கிறது, பின்னால் பரிசீலிப்போம் என்று இருந்தது.

நான் சிறு எண்ணிக்கை இல்லை, சில்வண்டு. நான் உன் அக்கா. உன்னிடம் சலுகை கேட்கவில்லை, ஒரு கேள்விதான் கேட்கிறேன். அங்கே அத்தனை பேர் சோதித்தீர்களே, ஒருத்தராவது ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு சோதித்தீர்களா?

பதில் போடு. மழைக்காலம் என்கிறாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ.

அன்புடன்,
அக்கா

*

வெள்ளிக்கிழமை

அன்புள்ள சில்வண்டுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூக்கனை நிறுத்தி நிறுத்தி வாசிக்க வைத்தேன். நீ இதை எப்போதோ கண்டுபிடித்துச் சொன்னாய் என்பதும், அதெல்லாம் வெளியீட்டுக்குப் பிறகு பார்க்கலாம் என்று உன் மேலதிகாரி ஒதுக்கிவிட்டார் என்பதும் புரிந்தது. வேலை போனால் அந்த நாட்டில் இருக்கும் அனுமதியும் போய்விடும் என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பயம் பொய்யில்லை. அதைக் கிண்டல் செய்ய மாட்டேன்.

ஆனால் கூடவே ஒரு ஃபைலும் அனுப்பியிருக்கிறாய். அதைப் போட்டால் என் கம்ப்யூட்டரில் மட்டும் பட்டன்களுக்குப் பெயர் வந்துவிடும், யாரிடமும் சொல்லாதே என்கிறாய். அதை நான் திறக்கவில்லை. திறக்கவும் மாட்டேன்.

என்னைப் போன்றவர்கள் பேசிக்கொள்ளும் குழு ஒன்று இருக்கிறதே, அதில் கேட்டுப் பார்த்தேன். கோர்ட்டில் டெலிபோன் ஆபரேட்டராக இருக்கும் ஒருவருக்கு இதே கதை. ஒரு டீச்சரிடமிருந்து பரீட்சை மார்க் போடும் வேலையைப் பிடுங்கி இப்போதே வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்களாம். சட்டம் படிக்கிற ஒரு பெண் வேண்டாத கெட்ட வார்த்தையெல்லாம் எழுதியிருந்தாள், மூக்கன் அதையும் பாவம் அதே ஜலதோஷத்தோடு வாசித்தான். இவர்களில் யாருக்கும் உன்னைப் போல் உள்ளே ஒரு தங்கை இல்லை. நான் மட்டும் பின்வாசல் வழியாக நுழைந்து உட்கார்ந்துகொண்டு, வெளியே நிற்பவர்களிடம் என்ன சொல்வது?

இன்னொரு செய்தி. உங்கள் கம்பெனியின் விற்பனை ஆள் நேற்று எங்கள் ஊர் நகரமன்ற ஹாலில் புது சிஸ்டத்தை எல்லாருக்கும் காட்டினார். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பேங்க் என்று கூட்டம். தலைமை நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு முன்வரிசைக்கே கூட்டிப்போனார். மருந்துக் கவுண்டர்காரர் பிரிண்டரைப் பற்றிக் கேட்க வந்திருந்தார். பேங்க்காரர் ஒருவர் பாஸ்வேர்டை இத்தனை தரம் மாற்றச் சொன்னால் மனைவி பேரே மறந்துவிடுகிறது என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

பிறகு நான் எழுந்தேன். என் பையில் கொண்டுபோயிருந்த, புது சிஸ்டம் போட்ட வரவேற்பு லேப்டாப்பை ஹால் ஸ்பீக்கரில் மாட்டச் சொன்னேன். மூக்கன் ஹால் முழுக்க, "பட்டன். பட்டன். பட்டன். பட்டன்" என்றான். முதலில் ஒரு சிரிப்பு வந்தது. "இதுல எதை அழுத்தினா நோயாளிக்கு நேரம் கிடைக்கும், எதை அழுத்தினா போயிடும்னு யாராவது சொல்லுங்க" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது.

விற்பனை ஆள் நல்ல மாதிரிதான். இது மிகக் குறைந்த சதவீதத்தினரின் சிக்கல் என்று ஆரம்பித்தார். அவர் முடிக்கவில்லை, நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. மருந்துக் கவுண்டர்காரர். "எனக்கு இன்னைக்குக் கண்ணு தெரியுது. நாளைக்கும் தெரியும்னு உங்க கம்பெனி எழுதிக் குடுக்குமா?" என்றார். தலைமை நர்ஸும் எழுந்து, "எனக்கே கண்ணாடி இல்லாம எழுத்து தெரியல. இத்தனை நாள் வெட்கப்பட்டு வெளியில சொல்லல" என்றார். எழுத்தைப் பெரிதாகக் கேட்டது இதற்குத்தான் என்பது எனக்கே புதுச் செய்தி.

இன்று காலை எல்லார் திரையிலும் அந்தக் கேள்வி வந்தது: இப்போது மாற்றவா, பிறகா? ஆஸ்பத்திரியில் ஒருத்தர் பாக்கியில்லாமல் 'பிறகு' என்பதை அழுத்தினார்கள். எக்ஸ்ரே எடுப்பவர் பெருமூச்சு விட்டுக்கொண்டே அழுத்தினார். கணக்குப் பிரிவு அம்மா அழுத்திவிட்டுச் சீட்டு விளையாடப் போய்விட்டார். நிர்வாகி ஒவ்வொரு அறையாக வந்து கத்தினார். "பேஷன்ட் பேரு காணாமப் போனா நீங்களா சார் பதில் சொல்வீங்க?" என்று தலைமை நர்ஸ் கேட்டதும் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். நாளை என்ன செய்வாரோ தெரியாது. வாசலில் கொண்டுபோய் உட்கார வைத்தால், வணக்கம் சொல்லும் ஒவ்வொருவரிடமும் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்வேன் என்று அவர் காதுபடவே சொல்லியிருக்கிறேன்.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். எனக்காக எதையும் ஒளித்து அனுப்பாதே. சொல்வதானால் உங்கள் கூட்டத்தில், எல்லார் முன்னாலும் சொல். சொல்ல முடியாவிட்டால் அதையும் ஏற்றுக்கொள்வேன். நீ என் தங்கைதான், அதில் எந்த மாற்றமும் வராது. இந்தச் சண்டையை நான் இங்கிருந்தே போட்டுக்கொள்கிறேன்.

அம்மாவுக்குச் சிவப்பு, பச்சை பழகிவிட்டது. கூப்பிடு.

அன்புடன்,
அக்கா

*

ஞாயிறு காலை

அன்புள்ள சில்வண்டுக்கு,

போன கடிதம் எழுதி மூன்று வாரம் ஆகிவிட்டது. இங்கே எல்லாரும் நலம். அம்மா மாடிப்படி ஏறி இறங்குகிறாள், அதை நாலு பேர் பார்க்கும்போது மட்டும்.

திருத்திய வெர்ஷன் நேற்று சோதனைக்கு வந்தது. முழு வெளியீட்டைத் தள்ளி வைத்திருக்கிறார்களாம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கடைசி வரிசைக்கு வந்தேன். "சேமி. மாற்று. அச்சிடு. ரத்து." வரிசையும் நிலையாக நிற்கிறது. என்னைச் சுற்றி மருந்துக் கவுண்டர்காரர், நர்ஸ், எக்ஸ்ரேக்காரர் எல்லாரும் நின்றிருக்கிறார்கள், எனக்குத் தெரியாது. திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினேன், கைதட்டினார்கள். அந்த ஸ்கேன் பெரியவருக்கு மறுபரிசோதனை நேரம் ஒதுக்கியதுதான் அதில் என் முதல் வேலை. அவர் மகளுக்கு நானே போன் செய்து சொன்னேன். "நிஜமாத்தானே?" என்று கேட்டாள். கேட்கட்டும், கேட்க உரிமை இருக்கிறது.

கோர்ட் ஆபரேட்டருக்கும் சரியாகிவிட்டது. டீச்சர் மட்டும் பறிபோன வேலையைத் திரும்பக் கேட்டு இன்னும் தலைமையாசிரியர் அறைக்கு நடந்துகொண்டிருக்கிறார். நாட்காட்டிப் பக்கத்தில் இன்னமும் இரண்டு இடத்தில் வெறும் 'பட்டன்' என்கிறது. அதற்கும் புகார் எழுதிவிட்டேன். நிம்மதியாக இருக்க விடமாட்டேன் என்று உங்கள் ஆட்களிடம் சொல்லி வை.

இனி உன் விஷயம். கூட்டத்தில் பேசினாயா என்று நான் கேட்கவில்லை, நீயும் எழுதவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை, உனக்கு வேலை நேரத்தில், அம்மாவோடு சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தாய். பின்னால் ஆபீஸ் சத்தம் இல்லை. சிரித்தாய், ஆனால் அது சிரிப்பில்லை. எனக்குக் காதுதானே எல்லாம். அத்தானைப் பிடித்தேன். அக்காவிடம் சொல்லாதீர்கள் என்று நீ சத்தியம் வாங்கியிருக்கிறாய், அவர் வயிற்றில் என்றைக்கு எது தங்கியிருக்கிறது? எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, "என் பேரைப் போட்டு இது சரின்னு கையெழுத்துப் போட மாட்டேன்" என்றாயாம். அதற்காக உன்னை அந்த டீமிலிருந்தே எடுத்துவிட்டு, அடுத்த வேலை சொல்லும்வரை வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்களாம்.

அன்றைக்குச் சாயங்காலம் பால்கனியில் கொஞ்ச நேரம் தனியாக நின்றேன். அம்மா வந்து, கண்ணில் ஏன் தண்ணீர் என்று கேட்டாள். தூசி என்றேன். அவளும் நம்புவதாக நடித்தாள்.

அவர்கள் கூப்பிட்டால் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போகாதே. மன்னிப்புக் கேட்கச் சொன்னால் எதற்கு என்று கேள். கூப்பிடாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வா. முன்னறையைப் பெருக்கி வைத்திருக்கிறேன். அத்தான் லீவு போட்டுவிட்டு உன்னைக் கூட்டி வர நிற்பார். தோற்றுப்போய் வந்தாள் என்று இந்தத் தெருவில் ஒருவர் வாய் திறந்தாலும், முதலில் என்னைத் தாண்டித்தான் உன்னிடம் வர வேண்டும்.

வந்தாலும் சரி, அங்கேயே இருந்தாலும் சரி, நன்றாக இரு. இதே குரலோடு இரு.

என்றும் உன்,
அக்கா