நார்ச்சத்தும் ஒரே ஒரு கார்டும்

ஜூன் 9, திங்கள்

காற்று. மழை இல்லை. பனியன் கம்பெனி தையல் வேலைக்கு அரை நாள் லீவு சொன்னேன். அவிநாசிக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். சீட் இருந்தது. உட்கார முடியவில்லை.

டாக்டரம்மா பரிசோதித்தார். மூலம். ஆரம்பம்தான், ஆபரேஷன் வேண்டாமாம். வருஷக்கணக்கான மலச்சிக்கலால் வந்தது.

“ரெண்டு வருசமா ரத்தம் போகுதுங்கறீங்க. ஏனுங்க இத்தனை நாள் வரல?”

என்ன சொல்வது? வெட்கம். வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

அவர் சொன்னது, மறக்கும் முன்:

குடலுக்குள் கோடிக்கணக்கில் நல்ல கிருமிகள். வெள்ளைச் சோறு, இட்லி, பரோட்டாவில் அவற்றுக்கு எதுவும் போய்ச் சேர்வதில்லை. நார்ச்சத்துதான் அவற்றின் தீனி. அதைத் தின்று அவை குடலின் உள்சுவரைக் காக்கும். மலமும் இளகும். சின்ன வெங்காயம், பூண்டு, கொள்ளு, தோலோடு பயறு, கீரை, வாழைத்தண்டு, வாழைப்பழம், சாமை, ராகி. ஒரேயடியாகக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக.

“நல்ல கிருமிக்குத் தீனின்னு டப்பாவுல பிரீபயாட்டிக் பவுடர் விக்கறாங்களேங்க, டிவியில?”

“வெங்காயத்துலயே இருக்குதுங்க. ஆனா தண்ணி முக்கியம். தண்ணி இல்லாம நாரை மட்டும் தின்னா இன்னும் இறுகிக்கும். இப்ப எவ்வளவு குடிக்கறீங்க?”

“காலையில ஒரு டம்ளர். மத்தியானம் ஒண்ணு.”

“ஏன் அவ்வளவு கம்மி?”

அவரிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். எங்கள் தையல் லைனில் முப்பது பொம்பளைகள். பாத்ரூம் போக ஒரே ஒரு கார்டு, இன்சார்ஜ் டேபிளுக்கு மேல் ஆணியில். ஒருத்தி போய் வந்தால்தான் அடுத்தவள். தண்ணீர் குடிக்காமல் இருப்பது சுலபம்.

ஜூன் 10, செவ்வாய்

வாங்கியது: சாமை 1 கிலோ, கொள்ளு அரை, சின்ன வெங்காயம் 1 கிலோ, பூண்டு, சிறுகீரை 2 கட்டு.

ராத்திரி சாமைச் சோறு, கொள்ளுப் பருப்பு. என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தார். நாளெல்லாம் மினி ஆட்டோவில் துணி பண்டல் ஏற்றி இறக்குகிறவர், பசியோடு வந்திருந்தார்.

“என்ன புள்ள இது? மாட்டுக்கு வெக்கறதா?”

“புடிக்கலீன்னா வெளிய சாப்ட்டுக்கங்க.”

கல்யாணம் ஆன இத்தனை வருஷத்தில் இப்படிச் சொன்னதில்லை. அவரும் அசந்துபோய்ச் சாப்பிட்டுவிட்டார்.

ஜூன் 12, வியாழன்

தலைவலி. வயிறெல்லாம் வாயு. அவசரப்பட்டுக் கொள்ளை அள்ளிப் போட்டது என் தப்பு. அளவைக் குறைக்க வேண்டும்.

பக்கத்து மெஷின் ஜெபமணிக்குச் சிரிப்பு. தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, வந்து ஆறு வருஷம்.

“என்னக்கா, ஒங்க வயித்துக்குள்ள ஒரு மெஷின் ஓடுது?”

சொன்னேன், எல்லாவற்றையும். சிரிப்பு நின்றது. குனிந்து தைத்துக்கொண்டே மெதுவாக, “எனக்கும் போவுதுக்கா. நாலு மாசமா. ஊர்ல அம்மைகிட்டகூடச் சொல்லல.”

பதினொரு மணிக்குள் ஒரு பாட்டில் தண்ணீர் காலி. கார்டு யாரிடமோ. பிறகு வேறு யாரிடமோ. மதியச் சாப்பாட்டு பெல் அடித்த பிறகுதான் போக முடிந்தது. அங்கேயும் வரிசை. சாப்பிட ஐந்து நிமிஷம் மிச்சம்.

ஜூன் 13, வெள்ளி

இன்சார்ஜ் மோகனிடம் கார்டு கேட்டேன். என்னைவிடப் பத்து வயது சின்னவன். மரியாதைக்குக் குறைவே இல்லை.

“ஏனுங்கக்கா, இப்பத்தானுங்க போயிட்டு வந்தீங்க? ப்ரொடக்ஷன் என்னாகறதுங்க? எல்லாம் ஊட்லயே முடிச்சுட்டு வந்தரோணுமுங்க.”

திரும்பி வந்து உட்கார்ந்தேன். அடக்கினேன். பாட்டிலை மூடி வைத்துவிட்டேன். சாயங்காலம் வீட்டில் கத்தியால் கீறியது போல வலி. மறுபடி ரத்தம்.

நாலு நாளாக வெங்காயம் உரித்ததும் கீரை ஆய்ந்ததும் எதற்கு? ஒரு அட்டைத் துண்டுக்குப் பயந்து குடலைக் காய வைக்கவா?

இனிக் கார்டு கேட்க மாட்டேன்.

ஜூன் 14, சனி

10.40. மெஷினை ஆஃப் செய்தேன். எழுந்தேன். நடந்தேன். முதுகுக்குப் பின்னால் “அக்கா! அக்கோவ்!” திரும்பவில்லை.

வந்ததும் மோகன், “கார்டு எங்கீங்க?”

“ஆணியிலதானுங்க தொங்குது. பத்திரமா இருக்கட்டும்.”

“மேனேஜர்கிட்டச் சொல்ல வேண்டி வருமுங்க.”

“சொல்லுங்க. நான் தெச்ச பீஸையும் எண்ணிக்காட்டுங்க.”

குறைந்திருந்தால்தானே? 3.15-க்கு மறுபடியும் போனேன். வலி பாதியாகக் குறைந்திருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

தூறல். துணி காயவில்லை.

விஷயம் வீட்டுக்காரர் காதுக்கு வந்துவிட்டது, மோகன் போன் செய்திருக்கிறான்.

“இதுக்குப் போயி சண்டையா? பேரக் கெடுத்துக்காத. அந்த கம்பெனி இல்லீன்னா வேற எங்க போவ?”

வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். ரெண்டு வருஷமா ரத்தம் போகுதுங்க. நீங்க கேக்கல, நானும் சொல்லல. இப்ப சொல்றேன்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு நான் விரலில் சுற்றி இழுத்துப் போட்டிருந்த தண்டு நாரைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“நார்ச்சத்துங்கற. நாரை எடுத்து வீசற?”

சிரித்துவிட்டேன். இது தொண்டையில் சிக்குமுங்க, மிச்சமே போதும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. “நாளைக்கு என்ன நடந்தாலும் போன் பண்ணு” என்று மட்டும் சொன்னார்.

ஜூன் 16, திங்கள்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பதினொரு மணிக்கு மேனேஜர் ஹாலுக்கே வந்துவிட்டார். லைன் நின்றது. அயர்னிங் ஆம்பளைகள், செக்கிங் பிள்ளைகள், பேக்கிங்கில் இருக்கும் ஹிந்திக்காரர்கள், அத்தனை பேரும் பார்க்கிறார்கள்.

“என்னம்மா உனக்குப் பிரச்சினை?”

ஆபீஸ் ரூமில் கேட்டிருந்தால் மென்று முழுங்கியிருப்பேன். இத்தனை பேருக்கு முன்னால் கேட்டதால்தான் வாய் வந்தது.

“மலச்சிக்கலுங்க. மூலம். ரத்தம் போகுதுங்க. டாக்டரம்மா கீரை, பயறெல்லாம் தின்னுட்டு நெறையத் தண்ணி குடிக்கச் சொன்னாங்க. குடிச்சாப் போகோணுமுங்க. அதுக்குத்தான் எந்திரிச்சுப் போறேன்.”

அயர்னிங் பக்கம் எவனோ சிரித்தான். “சிரிக்காதீங்க தம்பி. உங்க வயித்துலயும் குடல்தான் இருக்குது” என்றேன். நின்றது.

மேனேஜர் முகம் சிவந்துவிட்டது. “இதெல்லாம் இங்க பேசற விஷயமாம்மா?”

“இங்கதானுங்க நடக்குது.”

அப்போது ஜெபமணி எழுந்தாள். துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டு, “எனக்கும் ரத்தம் போவுது சார். நானும் தண்ணி குடிக்கதில்ல.” அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அப்புறம் எண்ணவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“சரி, சரி. ரெண்டு கார்டு போட்டுக்கலாம்.”

“கார்டே வேண்டாமுங்க.”

“நாளைக்கு மெஷின்ல உக்காராத. நேரா ஆபீஸுக்கு வா.”

வீட்டுக்காரருக்குப் போன். “வந்து கூட்டிட்டுப் போகட்டா?” “வேண்டாமுங்க, அஞ்சரை வரைக்கும் வேலை இருக்குது.”

ஜூன் 17, செவ்வாய்

ஆபீஸ் வாசலில் பத்து மணி வரை நிறுத்தி வைத்தார்கள். பிறகு ஒரு பேப்பர். அனுமதி இல்லாமல் இடத்தை விட்டு எழுந்தது தவறு, மன்னிக்கவும், இனி நடக்காது. டைப் அடித்துத் தயாராக இருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி.

முழுசாகப் படித்தேன். அதற்கே மேனேஜருக்கு எரிச்சல். பேனா வாங்கி, அடித்த வரிகளின் குறுக்கே கோடு போட்டு, கீழே எழுதினேன்: “உடம்புக்குத் தேவைப்பட்டதால் எழுந்தேன். தேவைப்படும்போது இனியும் எழுவேன்.” கையெழுத்து. தேதி.

படித்தார். மறுபடியும் படித்தார். என்னைப் போல ஒரு டெய்லர் இந்த வாரம் அவருக்குக் கிடைக்காது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். சனிக்கிழமை சரக்கு ஏற்றுமதி, ஷிப்மெண்ட்.

“போ. போயி வேலையப் பாரு.”

மெஷினில் உட்காரும்போது 10.25. ஜெபமணி பாதி வாழைப்பழம் நீட்டினாள்.

ஜூன் 19, வியாழன்

வெயில். வெள்ளிக்குப் பிறகு ரத்தம் இல்லை. காலையில் கதவைத் தட்டி அவசரப்படுத்த ஆளில்லாத ஐந்து நிமிஷம், வலி இல்லாமல். இதைப் போய் எழுதுவதா? எழுதுவேன். ரெண்டு வருஷத்தில் இதைவிடப் பெரிய விஷயம் எனக்கு நடக்கவில்லை.

ஆணியில் கார்டு இல்லை. யாரும் எதுவும் அறிவிக்கவில்லை.

மத்தியானம் மோகன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, “சந்தோசப்பட்டுக்காதீங்கக்கா. ஷிப்மெண்ட் முடிஞ்சா மறுபடியும் மாட்டச் சொல்லுவாங்க.”

“மாட்டட்டுங்க. எந்திரிக்கப் பழகிட்டமுங்க.”

மூணு மணி சுமாருக்கு எங்கள் லைனில் ஒரே நேரத்தில் நாலு மெஷின் நின்றது. நாலு பேரும் பேசிக்கொண்டே பாத்ரூம் பக்கம் நடந்து போனார்கள். நான் அதில் இல்லை, காலர் தைத்துக்கொண்டிருந்தேன்.