செடியிலேயே சிவந்த ஒன்று

திரெவெலின்,
6 அக்டோபர் 1985

அன்புள்ள கிழவிக்கு,

இந்தத் தெற்குக் கோடி மலையூரில் காற்று சௌக்கியமாக இருக்கிறது. அதற்கு நடுவில் நானும் இருக்கிறேன். அண்ணன் விட்டுப்போன வீட்டுக் கூரையில் புதுத் தகரம் அடித்தாயிற்று. ரயில்வேயில் ஓய்வு கொடுத்த பிறகு எனக்கு வந்த முதல் உத்தியோகம் இதுதான். முதலாளியும் நானே.

பஸ் நிலையத்தில் உன் தங்கை இர்மா, அவள் புருஷன் ருபேன், ஓட்டுநர், எல்லோர் முன்னாலும் நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "தக்காளி பழுக்காத ஊர்ல நான் குடியிருக்க மாட்டேன் ரோகே. செடியிலயே செவந்த ஒரே ஒரு பழத்தை அந்த மண்ணுல காட்டு, அடுத்த பஸ்ஸுக்கே வர்றேன்." சாட்சிகள் உயிரோடுதான் இருக்கிறார்கள், மறந்துவிடாதே.

மூன்று ரகம் விதைத்திருக்கிறேன். நம் வீட்டுப் பெரிய மடிப்புத் தக்காளி ஒன்று. கொத்துக் கொத்தாகக் காய்க்கும் பொடித் தக்காளி ஒன்று. மூன்றாவது பக்கத்து ஊர் எஸ்கெலில் கடைக்காரன் தலையில் கட்டியது, பாக்கெட்டில் போட்ட படத்தைப் பார்த்தாலே கண் கூசுகிறது. நீ பெட்டியைத் தூசி தட்டி வை.

உன்,
ரோகே

*

லாஸ் ஹோர்னோஸ்,
3 நவம்பர் 1985

ரோகே,

படத்தைப் பார்த்துப் பெண் கட்டுகிறவனும் விதை வாங்குகிறவனும் ஒரே ஜாதி. பெட்டி பரண் மேல் இருக்கிறது, அங்கேயே இருக்கும்.

கணுவிடுக்கில் முளைக்கும் பக்கத் தளிர்களை வாரந்தோறும் கிள்ளு. ஒற்றைத் தண்டாகக் கொம்பில் கட்டு. நீ எப்போதும் பாவம் பார்த்து இரண்டு மூன்றை விட்டுவிடுவாய், பிறகு காய் சிறுத்துப்போகும். என் தோட்டத்தில் ஒரு தளிர் தப்பியது உண்டா? கிள்ளு.

ஞாயிற்றுக்கிழமை ரவியோலிக்கு மாவு இரண்டு பேருக்குப் பிசைந்துவிட்டேன், கைப் பழக்கம். மிச்சத்தை இர்மா எடுத்துப் போனாள். கம்பளிச் சட்டையை மறக்காமல் போட்டுக்கொள்.

எல்விரா

*

திரெவெலின்,
16 மார்ச் 1986

அன்புள்ள எல்விரா,

பொடித் தக்காளியை ஜனவரியிலேயே, நடுக் கோடையில், உறைபனி கருக்கிவிட்டது. ஆமாம், ஜனவரியில். சிரித்துவிட்டுப் படி. நம் ரகம் ஆள் உயரம் வளர்ந்து, முஷ்டி அளவு காய்த்து, பச்சையாகவே நின்று அடம் பிடித்தது. கடைக்காரனுடையது வெளிறிய ஆரஞ்சு வரைக்கும் வந்தது, அதற்கு மேல் அதற்குத் தெம்பு இல்லை.

ஆனாலும் ஒன்று சிவந்தது. நம்ப மாட்டாய் என்று பஸ் ஓட்டுநரிடம் வைக்கோல் சுற்றிக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். உன் வார்த்தை உனக்கு நினைவிருக்கும்.

உன் ரோகே

*

லாஸ் ஹோர்னோஸ்,
25 மார்ச் 1986

ரோகே,

பழம் வந்தது. முகர்ந்தேன். செய்தித்தாள் வாசனை. இழுப்பறையில் ஆப்பிளோடு சுற்றி வைத்துச் சிவக்கவைத்திருக்கிறாய். காம்புப் பக்கம் இன்னும் விறைப்பாக இருந்தது, வெட்டினால் நடுவில் வெள்ளை. நான் தக்காளியோடு பிறந்தவள். வேறு யாரிடமாவது இந்த வித்தையைக் காட்டு.

கோபம் தக்காளியால் இல்லை. நிஜமாகவே சிவந்துவிட்டதோ என்று ஒரு நிமிஷம் பரண் மேல் ஏறிவிட்டேன். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் கோபம்.

பிப்ரவரியில் வழக்கம்போல எல்லோரும் கூடி வருஷத்துக்கான தக்காளி சாஸ் போட்டோம். சாறு பிழியும் இயந்திரத்தின் கைப்பிடியை ருபேன் சுற்றினான். பாதிப் பழம் தோலோடு போய்விட்டது, பாட்டில் முழுக்க விதை. இத்தனை வருஷமாக அதை நீ ஒருவனே சுற்றிவந்தாய், அது லேசான வேலை என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

எல்விரா

*

திரெவெலின்,
1 மார்ச் 1987

என் கிழவிக்கு,

இழுப்பறை விவகாரத்துக்கு மன்னிப்பு. இனி உன்னிடம் உள்ளதை உள்ளபடியே எழுதுவேன்.

இந்த வருஷம் பக்கத்து வீட்டு வேல்ஸ்காரி கிளாதிஸ் ஒவென் தன் ரக விதையைக் கொடுத்தாள். முழங்கால் உயரச் செடி. அதுவும் ஏமாற்றம்தான். ஆனால் இதில் உனக்கும் பங்கு இருக்கிறது.

நீ சொன்னபடி வாரந்தோறும் கிள்ளினேன். ஒன்றைக்கூட விடவில்லை, பாவம் பார்க்கவில்லை. ஒரு நாள் கிளாதிஸ் தேநீரும் கறுப்புக் கேக்கும் எடுத்துக்கொண்டு வந்தாள். வேலி ஓரமே நின்றுவிட்டாள். "யாரு இதுங்களுக்கு மொட்டை போட்டது?" என்றாள். குட்டை ரகம் பக்கத் தளிர்களில்தான் காய்க்குமாம், கிள்ளினால் காய்க்க இடமே இருக்காதாம். என் மனைவி சொன்னாள் என்றேன். "அவங்க இந்தச் செடியப் பாத்திருக்காங்களா?" என்று கேட்டாள். நான் தேநீரைக் குடித்தேன்.

குச்சி குச்சியாக நின்றதில் நாலு காய். எல்லாம் பச்சை. போகட்டும், அடுத்த வருஷம் கிள்ளாமல் விட்டுவிடுகிறேன். நானும் இங்கே உறுதியாகத்தான் இருக்கிறேன்.

இரவில் குளிருக்குச் செடிகள் மேல் உன் அம்மா கொடுத்த கம்பளிப் போர்வையைப் போர்த்துகிறேன். இதையும் உள்ளபடியே சொல்லிவிட்டேன்.

ரோகே

*

லாஸ் ஹோர்னோஸ்,
12 மார்ச் 1987

என் அம்மாவின் போர்வையைத் தக்காளிக்கா போர்த்துகிறாய்!

அந்த வேல்ஸ்காரி சொன்னது சரியாக இருக்கலாம் என்று இர்மா சொல்கிறாள். கேட்காமலே சொல்கிறாள். கிள்ளாதே, விடு. நான் கிள்ளச் சொன்னது நம் ஊர்ச் செடியை. குட்டை ரகத்தை நான் கண்டேனா?

இர்மா இன்னொன்றும் கேட்டாள். "அவரு ஒரு பழத்துக்காகவா அங்க கெடக்காரு, நீ ஒரு பழத்துக்காகவா இங்க கெடக்க?" அதற்குப் பதிலை உனக்குச் சொல்கிறேன். ஐம்பத்தாறு வயதில் ஒரு பெண் தன் மண்ணை விட்டுக் கிளம்ப வேண்டுமானால் கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். ஒரு பழமாவது.

எல்விரா

*

திரெவெலின்,
21 பிப்ரவரி 1988

அன்புள்ள எல்விரா,

சிவந்துவிட்டது.

கிள்ளாமல் விட்ட செடி புதர்போல மண்டியிருந்தது. இலையை விலக்கினால் வெயில் விழும் சுவர் ஓரம் ஒன்று, காம்பு வரைக்கும் சிவப்பு. கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கிளாதிஸைக் கூப்பிட்டுச் சாட்சிக்கு நிறுத்திவிட்டுத்தான் பறித்தேன். அவளுக்குப் பாதி, எனக்குப் பாதி.

உள்ளதை எழுதுவேன் என்று சொல்லியிருக்கிறேன், எழுதுகிறேன். அதில் ருசியே இல்லை. உப்புப் போட்டுப் பார்த்தேன், எண்ணெய் விட்டுப் பார்த்தேன். சிவப்புத் தண்ணீர். உன் தக்காளி வெட்டிய பலகையை நக்கினால்கூட இதைவிட ருசியாக இருக்கும்.

இதைக் காட்டி உன்னை இவ்வளவு தூரம் வரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பந்தயத்தில் ஜெயித்தேன், ஆனால் கேட்கப்போவதில்லை. ஏப்ரலில் வீட்டைப் பூட்டிச் சாவியைக் கிளாதிஸிடம் கொடுத்துவிட்டு வருகிறேன். அடுத்த சாஸுக்குக் கைப்பிடியை நான்தான் சுற்றுவேன், ருபேனிடம் சொல்லிவிடு. இந்த ஊர்க் காற்றையும் மலையையும் விட்டு வருவது கஷ்டம்தான். நீ இல்லாமல் இன்னொரு குளிர்காலம் அதைவிடக் கஷ்டம்.

உன்,
ரோகே

*

லாஸ் ஹோர்னோஸ்,
2 மார்ச் 1988

என் கிழவனுக்கு,

வீட்டைப் பூட்டாதே.

நான் சிவந்த பழம் கேட்டேன். ருசியான பழம் கேட்டேனா? இர்மாவைக் கேள், ருபேனைக் கேள், அந்த ஓட்டுநரையும் கேள். சொன்ன சொல் மாறுகிற வம்சம் இல்லை எங்களுடையது.

தேனாக இனித்தது என்று நீ எழுதியிருக்கலாம். இழுப்பறைப் பழம் அனுப்பின ஆள்தானே நீ. அப்படி எழுதியிருந்தால் நான் ஒரு வாரம் யோசித்துவிட்டுப் பரண் பக்கமே போயிருக்க மாட்டேன். சிவப்புத் தண்ணீர் என்று படித்ததும் ஏணியை எடுத்தேன்.

தோட்டம் இர்மாவுக்கு. கிள்ள வேண்டியதை எப்படிக் கிள்ளுவது என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன், விட வேண்டியதையும். ஒவ்வொரு பிப்ரவரியும் நீயும் நானும் இங்கே வந்து சாஸ் போட்டுவிட்டுத் திரும்புவோம், கைப்பிடி உனக்குத்தான். இதில் பேரம் கிடையாது. ருசிக்கு ஒரு பெட்டி நிறைய பாட்டில் கொண்டுவருகிறேன். உடைந்தால் ஓட்டுநர் பாடு.

பன்னிரண்டாம் தேதி, சனிக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்குகிறேன். கிளாதிஸிடம் சொல், அந்தக் கறுப்புக் கேக் செய்யட்டும், மற்றதை நேரில் பேசிக்கொள்கிறோம்.

ஒன்றே ஒன்று. உறைபனி செடிகளைத் தின்றால் தின்னட்டும். என் அம்மாவின் போர்வையை எடுத்துத் துவைத்துக் கட்டிலில் போட்டு வை.

எல்விரா